கல்லீரல் அறுவைக்குப் பின் வெறும் கஞ்சி போதாது

கேள்வி: அப்பாவுக்குக் கட்டி இருந்ததால் கல்லீரலில் ஒரு பகுதியைக் கோவையில் எடுத்தார்கள். கோத்தகிரிக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. முட்டை, பருப்பு, கறி எதுவும் ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொல்வதால் கஞ்சியும் இட்லியும்தான் தருகிறோம். ஆள் மெலிந்துகொண்டே போகிறார். என்ன கொடுக்கலாம்?

பதில்: மெலிவதற்கு அந்தப் பத்தியமே முக்கியக் காரணமாக இருக்கலாம். மஞ்சள் காமாலைக்குச் சொல்லிவந்த பத்தியத்தை அறுவை செய்தவருக்கும் போடுவது நம் வீடுகளில் வழக்கம். மீதமுள்ள கல்லீரல் அடுத்த சில மாதங்களில் வளரும். அதற்கும், தையல் போட்ட இடம் ஆறுவதற்கும் புரதம் வேண்டும். ஒரு கிலோ எடைக்குத் தினம் 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். கஞ்சியும் இட்லியும் இதில் பாதியைக்கூடத் தொடாது.

அரை லிட்டர் பாலில் 16 கிராம், இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் வெந்த கோழிக்கறியில் 25 கிடைக்கும். கறி வேண்டாம் என்றால் காய்ந்த அவரைக்கொட்டை, பட்டாணி, பட்டர் பீன்ஸ் எல்லாம் உங்கள் சந்தையிலேயே இருக்கின்றன. குழைய வேகவைத்து, சாமைச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். வயிறு உப்பினால் முதலில் பாசிப்பருப்பில் தொடங்கலாம். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

ஒரே வேளையில் நிறைய இறங்காது. ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். அதில் நான் பிடிவாதமாகச் சொல்வது ராத்திரி வேளை. ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்து, காலை எட்டுக்கு எழுந்தால் பதின்மூன்று மணி நேரப் பட்டினி. சர்க்கரையைச் சேமித்து வைக்கும் திறன் கல்லீரலில் குறைந்திருக்கும்போது, உடம்பு தசையைக் கரைத்துத்தான் அந்த நேரத்தை ஓட்டும். படுக்கும் முன் பாலில் கரைத்த ராகிக் கூழோ, இரண்டு ரொட்டித் துண்டும் பாலுமோ கொடுங்கள்.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை, நீலகிரியில் யார் கேட்பார்கள்? ஆனால் சாப்பாட்டுக்கு முன்னும் கூடவும் வேண்டாம். பசி அடங்கிவிடும், இரும்புச்சத்தும் சேராது. மது அறவே கூடாது. கீழாநெல்லி, மூலிகைப் பொடி, கிரீன் டீ மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்; சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுக்கும். காலோ வயிறோ வீங்கினால் உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வர்க்கி முதலில் போகட்டும். வீக்கம் இருக்கையில் எடை ஏறுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நீர்.

காய்ச்சல், கண் மஞ்சளாதல், கறுப்பு மலம், பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் மலைப்பாதையில் இறங்க விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றபடி, மெலிகிறார் என்பதை அடுத்த பரிசோதனை வரை வைத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவருக்கு இந்த வாரமே போனில் சொல்லிவிடுங்கள்.