தண்டுவடம் அடிபட்டவர் தனியாக வாழ: ஸ்கூட்டருக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். தென்னை மரத்திலிருந்து விழுந்து தம்பிக்குத் தண்டுவடம் அடிபட்டுப் பத்து மாதம் ஆகிறது. வயது 31. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. டி12 என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. கழிப்பறை கொல்லையில். 62 வயது அம்மாதான் தூக்கி உட்கார வைக்கிறார். ஹோமில் சேர்க்கச் சொல்கிறார்கள் உறவுக்காரர்கள். தம்பியோ, பக்கத்துப் பத்தி வீட்டில் தனியாக இருந்துகொள்கிறேன் என்கிறான். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு மனு கொடுத்துவிட்டோம். அடுத்து என்ன செய்வது?

பதில்: தம்பி கேட்பது நடக்கக்கூடியதுதான். டி12 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் கடைசியான பன்னிரண்டாவதன் மட்டத்தில் அடிபட்டு, கைகள் பலமாக இருப்பவர் பழகிக்கொண்டால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, சமைப்பது, கடையில் உட்காருவது எல்லாவற்றையும் தானே செய்ய முடியும். ஹோம் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் ஸ்கூட்டர் கடைசி வேலை. சிறுநீர், தோல், இடம் மாறி உட்காருதல், கழிப்பறை இந்த நான்கும் சரியாகாமல் ஸ்கூட்டர் வந்தால், திண்ணையிலிருந்து இறங்கி அதில் ஏற வழியில்லாமல் கொட்டகையில்தான் நிற்கும்.

முதலில் அந்த டியூப். நிரந்தரமாக உள்ளேயே இருக்கும் டியூப் கிருமித்தொற்றுக்கும் கல்லுக்கும் வழி. கை நன்றாக இருப்பவருக்குப் பொருத்தமான முறை, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் காட்டி, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகு இதற்கு மாறலாம். நீங்களாக டியூபை எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை வடிப்பது 400–500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாளுக்கு இரண்டு லிட்டர் வாக்கில் சீராகக் குடித்து, இரவு படுக்கும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். காய்ச்சல், கலங்கல், கெட்ட வாடை வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வருஷம் ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் கட்டாயம்.

மலம் கழிப்பதற்கு நேரம் குறித்துப் பழக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும். தினமும் அதே நேரத்தில் உட்காருவது அதனால்தான். இந்த மட்டத்தில் அடிபட்டவர்கள் பலருக்கு உறையணிந்த விரலால் எடுத்துவிட வேண்டியிருக்கும். கூச்சப்பட்டு இதை அம்மாவிடம் விட்டால் தனி வாழ்க்கை என்பது பேச்சாகவே நின்றுவிடும். செவிலியர் ஒருவர் இரண்டு மூன்று முறை காட்டிக்கொடுத்தால் பிடிபட்டுவிடும்.

அந்தச் செவிலியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டார அளவில் ஒரு இயன்முறை மருத்துவரும், வலி நிவாரணப் பராமரிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். வந்தவரிடம் காலை நீட்டி மடக்கிவிடச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். தம்பி தானே இடம் மாறக் கற்றுத்தர வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இடம் மாறுவதற்கு ஒரு பலகை போதும், ஆசாரியிடம் செய்துகொள்ளலாம். 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட், 26 அங்குல நீளம், 8–9 அங்குல அகலம். இரண்டு முனையும் சரிவாகச் சீவி, சிராய் இல்லாமல் தேய்த்து வார்னிஷ் அடிக்க வேண்டும். கட்டில் உயரமும் மெத்தை போட்ட நாற்காலி உயரமும் ஒன்றாக, 19–20 அங்குலம் இருக்கட்டும். கயிற்றுக் கட்டில் ஆகாது. நடுவில் தொங்கும், கையை ஊன்ற முடியாது, புண்ணும் வரும். வெறும் தோலோடு பலகையில் வழுக்கவே கூடாது. உணர்ச்சியில்லாத தோல் உரிவது தெரியாது.

நாற்காலியில் ஒரு எச்சரிக்கை. கைப்பிடி கழலாத, கால் தாங்கி விலகாத மடக்கு நாற்காலி அடுத்தவர் தள்ளிக்கொண்டு போவதற்கானது. கைப்பிடியைக் கழற்ற முடியாவிட்டால் பலகை போட இடமே இருக்காது. இருக்கை அகலம் இடுப்பைவிட ஒரு அங்குலம்தான் கூட இருக்கலாம். நாற்காலி வழங்கும் முகாமில் அளவெடுக்காமல் கொடுத்தால், அளவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மெத்தை இல்லாமல் ஒரு நாளும் உட்காரக் கூடாது. 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். காலையும் இரவும் கைக்கண்ணாடியில் பிட்டம், வால் எலும்பு, குதிகால் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், மறையும்வரை அந்த இடத்தில் பாரம் கூடாது. சித்திரை வெயிலில் சுட்ட சிமெண்ட் தரையும், மடியில் வைத்த கஞ்சிப் பாத்திரமும் நம் பக்கத்தில் புண்ணுக்குப் பெரிய காரணங்கள்.

இனி வீடு. கொல்லைக் கழிப்பறையை விட்டுவிட்டு, பத்தி வீட்டோடு ஒட்டிக் கட்டுங்கள். கதவுத் திறப்பு 3 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் காலியாக இருக்க வேண்டும். வாசற்படிக் கட்டை வேண்டாம். தண்ணீரைத் தரைச் சரிவால் வெளியேற்றலாம். கோப்பை 18–19 அங்குல உயரம், மேலே பஞ்சு வைத்த இருக்கை. பிடிமானக் கம்பி ஒன்றரை அங்குல எவர்சில்வர் குழாய், சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி. இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது: நாலரை அங்குலச் சுவரில் சாதாரண திருகு போட்டால், முழு உடம்பையும் தாங்கும் முதல் நாளே பிடுங்கிக்கொள்ளும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்காக நம் வீடுகளில் அடித்தளம் உயரம். அதனால் நாற்காலி ஏறி இறங்க வாசலில் சாய்தளம் வேண்டும். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. தரையிலிருந்து இரண்டே கால் அடி என்றால் 27 அடி நீளம். வாசலில் அவ்வளவு இடமில்லையென்றால் சுவரோரம் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் திருப்பத்திலும் மேல் முனையிலும் 5 அடிக்குச் சமதளம் வேண்டும். அகலம் 4 அடி, இரு ஓரமும் 3 அங்குலக் கட்டை. இடமில்லையென்று 10 அடியில் முடித்தால் ஏற முடியாது, இறங்கும்போது கவிழும். சாய்தளத்துக்கு உள்ளே நிரப்பக் கொல்லை மண்ணை வெட்டிப் போடாதீர்கள். நம் களிமண் ஐப்பசியில் உப்பும், கோடையில் பாளமாக வெடிக்கும். இரண்டே வருஷத்தில் சாய்தளம் திண்ணையை விட்டு இறங்கிவிடும். அரை அங்குல மேடு போதும், முன்சக்கரம் முட்டி ஆளை முன்னால் தள்ளும். கிராவலை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டுத் திமிசு அடித்து, மேலே கான்கிரீட் போட்டு, ஈரத்திலேயே துடைப்பத்தால் குறுக்கே வரி இழுக்க வேண்டும். சாய்தளம் முடியும் இடத்திலிருந்து தார் ரோடு வரை 4 அடி அகலத்தில் சிமெண்ட் பாதை இல்லையென்றால் கார்த்திகை மாதம் முழுக்க வீட்டுக்குள்தான். பாதையை ஊராட்சியிடம் கேளுங்கள். ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத்திருத்தம் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் இருந்தால் அவர் மூலம் போங்கள்.

உதவித்தொகைகளுக்கு முதல் சாவி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID). சான்றிதழில் தண்டுவடப் பாதிப்பு என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். கால் இயக்கக் குறைபாடு என்று மட்டும் இருந்தால், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குப் போகும்போது கேள்வி வரும். விண்ணப்பம் திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம். இழுத்தடித்தால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாட உதவி அதிகம் தேவைப்படுபவருக்கு உதவியாளருக்கான தொகையும் தனியாக உண்டு, அதையும் அதே மனுவில் கேளுங்கள். தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும். தம்பி பெயரில் தனி அட்டை பிரித்த பிறகு இது ரொம்பவும் உதவும். டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை, ஆனால் படி ஏற வேண்டும், நாற்காலியோடு அது எளிதல்ல. துணையோடு ரயிலில் போனால் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் இருவருக்குமே 75 சதவீதச் சலுகை.

இவ்வளவும் ஆன பிறகு ஸ்கூட்டர். வரும்போது பின்னால் சக்கர நாற்காலியைக் கட்ட ஒரு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் போன இடத்தில் இறங்க முடியாது. சைலன்சர் பக்கம் கால் படாமல் தகடு மறைப்பும் வேண்டும்.

தனியாக இருக்கத் தொடங்குவதை ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாரம் இரவு மட்டும், அம்மா பக்கத்து அறையில் இருக்க. பிறகு ஒரு முழு நாள். பிறகு மூன்று நாள். எங்கே திணறுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் புரட்டாசி கடைசிக்குள் 15 நாளுக்குக் கதீட்டர், கையுறை, மருந்து, சோப்பு, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்து, அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077ஐ அவர் போனிலேயே பதிந்து, இந்த வீட்டில் நாற்காலியில் இருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புயல் நிவாரண முகாமுக்குக் கூட்டிப்போக வந்தால் நாற்காலி மெத்தையும் பலகையும் அவரோடு போக வேண்டும். மெத்தை இல்லாமல் பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு ராத்திரி உட்கார்ந்தாலே புண் வந்துவிடும், அது ஆற மாதக்கணக்கில் ஆகும்.