அப்பா ஆங்கிலேயர், அம்மா ஐரிஷ்: மருமகள் என்ன இனம்?

கேள்வி: எங்கள் மருமகள் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மாவைப் பெற்றவர்கள் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர்கள். டிஎன்ஏ சோதனையில் 'பிரிட்டிஷ் – ஐரிஷ்' என்று ஒரே தலைப்பில் சதவீதம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 'ஆங்கிலோ-கெல்டிக்' என்று பெயரே இருக்கிறதாம். அப்படியானால் இவர்கள் தனி இனக்குழுதானே? – வாசகர் ஒருவர், போத்தனூர்

பதில்: இல்லை. வம்சாவளி கலந்திருப்பது உண்மை. ஆனால் அந்தக் கலப்பிலிருந்து தனி இனக்குழு எதுவும் உருவாகவில்லை.

உங்கள் போத்தனூர் ரயில்வே காலனியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களும் கலப்பு வம்சாவளிதான். அவர்கள் தனிச் சமூகம் ஆனதற்கு ரத்தம் மட்டும் காரணமில்லை. இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர்களைத் தன் சிவில், ராணுவ, கப்பல் பணிகளில் சேர்க்கக் கூடாது என்று 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தடை போட்டது. இந்தப் பக்கம் சாதிக்குள்ளும் இடமில்லை. இரண்டு வாசலும் அடைபட்டதால் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். வீட்டில் ஆங்கிலம், பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, பிறகு ரயில்வே வேலை என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்கள் யார் என்று அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவே வரையறுத்தது.

பிரிட்டிஷ்–ஐரிஷ் கலப்பில் நடந்தது நேரெதிர். இரண்டு வாசலும் திறந்திருந்தன. பிள்ளை ஏதாவது ஒன்றில் நுழைந்தே ஆக வேண்டும். அயர்லாந்தில் பிளவை நிர்ணயித்தது மதம்: ஐரிஷ் தரப்பு பெரும்பாலும் கத்தோலிக்கர், பிரிட்டிஷ் தரப்பு பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் மணந்துகொண்ட குடும்பங்களில், மகன் அப்பாவின் சபைக்கு, மகள் அம்மாவின் சபைக்கு என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு முகாம்! 1908-ல் வத்திக்கானின் 'நே தெமெரே' ஆணை நடைமுறைக்கு வந்தபின் பிடி இன்னும் இறுகியது. கத்தோலிக்கப் பாதிரியார் முன் நடக்காத கலப்பு மணம் திருச்சபையின் கண்ணில் செல்லாததாயிற்று. அவர் முன் நடக்க வேண்டுமானால், பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1957-ல் வெக்ஸ்ஃபோர்ட் கவுண்டியின் ஃபெதர்ட்-ஆன்-ஸீ கிராமத்தில் புராட்டஸ்டன்ட் தாய் ஒருவர், மகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்ப மறுத்துப் பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனார். உடனே ஊர்க் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்ட் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு சிறுமி எந்தப் பக்கம் என்பதற்காக ஊரே இரண்டுபட்ட இடத்தில், 'நாங்கள் இரண்டும்' என்று ஒரு மூன்றாவது கூட்டம் எப்படித் தழைக்கும்?

எது இனக்குழு என்பதற்கு பிரிட்டனின் சட்டத்தில் அளவுகோல் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியச் சிறுவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்த 'மாண்ட்லா எதிர் டவல் லீ' வழக்கில் 1983-ல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது அது. இரண்டு நிபந்தனைகள் கட்டாயம். ஒன்று, தங்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துவதாகத் தாங்களே உணர்ந்து நினைவில் காத்துவரும் நீண்ட பொது வரலாறு. இரண்டு, தங்களுக்கென்று ஒரு பண்பாட்டு மரபு. உங்கள் மருமகளை இதில் நிறுத்திப் பாருங்கள். 1649-ல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் அயர்லாந்தின் திரோகிடா நகரில் நடத்திய படுகொலையும் 1845-ல் அங்கே தொடங்கிய பஞ்சமும் அம்மா வீட்டில் ஒரு விதமாகவும் அப்பா வீட்டில் வேறு விதமாகவும் நினைக்கப்படும். இரண்டையும் சேர்த்துத் தன் வரலாறாகச் சொல்லும் சமூகம் ஒன்று இல்லை. முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை.

இதற்கு மறுபக்கமாக ஐரிஷ் டிராவலர்களைப் பாருங்கள். மரபணு ஆய்வுகளின்படி அவர்கள் அயர்லாந்து மக்களிலிருந்தே பிரிந்தவர்கள். வெளிக் கலப்பைத் தேடவே வேண்டாம். ஆனால் ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கை, 'ஷெல்டா' என்ற பேச்சு, தங்களுக்குள் மணம் என்று தனித்து நின்றார்கள். 2000-ல் இங்கிலாந்து நீதிமன்றமும், 2017 மார்ச் 1 அன்று அயர்லாந்து அரசும் அவர்களை இனக்குழுவாக ஏற்றன. ஒரே ரத்தத்தில் தனி இனம் பிறந்தது. கலந்த ரத்தத்தில் பிறக்கவில்லை.

இங்கிலாந்துக்குள் வந்த ஐரிஷ் மக்களுக்கும் கொஞ்ச காலம் அந்தத் தனிமை இருந்தது. லிவர்பூலின் ஒரு தொகுதி 1885 முதல் 1929 வரை டி.பி. ஓ'கானர் என்ற ஐரிஷ் தேசியவாதியையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தங்களை 'ஸ்கவுஸர்', அதாவது லிவர்பூல்காரர், என்கிறார்கள். அது ஊர்ப் பெருமை. வேல்ஸ்காரரின் பேரனுக்கும் அதில் இடம் உண்டு.

ஆஸ்திரேலியாவின் 'ஆங்கிலோ-கெல்டிக்' பெரும்பான்மையைக் குறிக்கும் வசதியான பெயர், அவ்வளவுதான். முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவை பற்றி 1916, 1917-ல் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தபோது, மெல்போர்னின் ஐரிஷ் பேராயர் மானிக்ஸ் எதிர்ப்பணியின் முகமாக நின்றார். ஆங்கிலேயர், ஐரிஷ் இடையிலான அந்தப் பிளவு ஆறியபின், மற்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களிடமிருந்து பிரித்துக் காட்டவே இரு தரப்பையும் ஒரே பெயரில் சேர்த்தார்கள். 2021 கணக்கெடுப்பில் ஒருவர் இரண்டு வம்சாவளிகள் வரை எழுதலாம். இங்கிலிஷ் 33 சதவீதம், ஐரிஷ் 9.5 சதவீதம் என்று தனித்தனியாகத்தான் வந்தது.

டிஎன்ஏ முடிவை இதற்குச் சாட்சியாக்க வேண்டாம். பிரிட்டன், அயர்லாந்து மக்களின் மரபணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை; பிரித்துச் சொல்வது கடினம் என்பதாலேயே சில நிறுவனங்கள் ஒரே தலைப்பில் போடுகின்றன. ஒப்பிட வைத்திருக்கும் டிஎன்ஏ மாதிரித் தொகுப்பைப் புதுப்பித்தால் சதவீதமும் மாறும். உடன்பிறந்தவர்களுக்கே எண்கள் வேறுபடும்: கார்க் தாத்தாவின் பங்கு சராசரி 25 சதவீதம், அக்காவுக்கு 21, தம்பிக்கு 28 என்று வரலாம். அதற்காக அக்காவும் தம்பியும் வேறு இனம் ஆகிவிடுவார்களா?

இனி உங்கள் மருமகள் செய்யக்கூடியது. இங்கிலாந்தின் 2021 கணக்கெடுப்புப் படிவத்தில் இனம் பற்றிய கேள்விக்கு ஒரே ஒரு கட்டத்தில்தான் குறியிட முடிந்தது. 'பிரிட்டிஷ்', 'ஐரிஷ்' இரண்டும் 'வெள்ளையர்' பிரிவில் அடுத்தடுத்து இருந்தன. இதுபோன்ற படிவத்தில் எதைக் குறிப்பது என்பது அவர் விருப்பம். அதே படிவத்தின் தேசிய அடையாளக் கேள்வியில் எத்தனை வேண்டுமானாலும் குறிக்க முடிந்தது. அங்கே 'ஐரிஷ்' என்று தனிக் கட்டம் இருக்கவில்லை. 'மற்றவை' என்பதில் எழுத வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியம் குடியுரிமை. அவருடைய தாத்தா பாட்டி அயர்லாந்தில் பிறந்ததால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்து அவர் ஐரிஷ் குடிமகள் ஆகலாம். தாத்தா அல்லது பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், தன்னுடையது, இடையில் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ்கள், எல்லாம் அசலாக வேண்டும். உங்களுக்குப் பேரக்குழந்தை பிறக்கும் முன்பே இந்தப் பதிவு முடிந்திருக்க வேண்டும். பிறந்தபின் பதிந்தால் மருமகளுக்குக் கிடைக்கும். இந்த வழியில் குழந்தைக்குக் கிடைக்காது. பதிவுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.