கல்லுக்கு லேசர்... உள்ளே எதற்கு டியூப்?

கேள்வி: சிறுநீரகத்தில் 15 மி.மீ. கல். கத்தி வைக்காமல் லேசரில் எடுக்கலாம் என்கிறார் சிறுநீரக அறுவை மருத்துவர். பிறகு டியூப் வைப்பார்களாமே? அவருடைய அனுபவத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: 20 மி.மீ.க்குள் உள்ள கல்லுக்கு ஏற்ற முறைதான். சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வளையும் எண்டோஸ்கோப்பைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே ஏற்றி, கல்லைப் பொடியாக்குவார்கள். அதைவிடப் பெரிய கல்லென்றால், முதுகுப்புறம் 1 செ.மீ. அளவுக்குத் துளையிட்டு எடுப்பதே பெரும்பாலும் மேல். சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் கல் இருந்தால் கருவி போய்ச் சேருவது கடினம். பொடியும் எளிதில் வெளியேறாது.

டியூப் என்பது டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க வைப்பது. அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், விலா வலிக்கும், லேசாக ரத்தம் கலக்கும். பயம் வேண்டாம். ஆனால், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வழக்கமாக ஸ்டென்டை 1-2 வாரத்தில் எடுத்துவிடுவார்கள். வலி போனதும் இதை மறந்தே போகிறவர்களும் உண்டு! மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படியும். அதை எடுக்கத் தனி அறுவை தேவைப்படலாம்.

அனுபவமா? 'கருவி ஏறாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'ஸ்டென்ட் மட்டும் வைத்து, குழாய் விரிந்ததும் 2 வாரம் கழித்து முயல்வேன்' என்றால் நம்பிப் போகலாம். சிறுநீரில் கிருமித்தொற்று உண்டா என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனை பார்க்காமலேயே அறுவைக்குத் தேதி கொடுப்பவரிடம் யோசியுங்கள்.