தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்தும் விடாம நின்ன ஒரு டீமை நேர்ல பாத்திருக்கீங்களா?

கேள்வி கேட்டவர் கேக்கறது, தோத்துக்கிட்டே இருக்கிற டீம்ல சின்னப் பசங்க எப்படித்தான் மறுபடி மறுபடி வந்து நிக்கிறாங்க, பக்கத்துல இருந்து பாத்தவங்க சொல்லுங்கன்னு. நான் பாத்திருக்கேன், என் மகளோட கர்லிங் டீமை. அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் கடைசி வரைக்கும் ஐஸப் பாக்கற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்தேன். மொத்தம் 26 மேட்ச், ஜெயிச்சது 5.

நாங்க கரூர்க்காரங்க, இப்ப இருக்கிறது கனடாவுல வின்னிபெக். மகளுக்கு அப்ப 15 வயசு. கூடப் படிக்கிற பொண்ணு கூப்பிட்டான்னு கர்லிங் கிளப்புக்குப் போனா, போனவ அங்கயே நின்னுட்டா. இங்க குளிர் மைனஸ் 30 வரைக்கும் சாதாரணமா போகும், அதனால இந்தப் பக்கம் சின்னச் சின்ன ஊர்ல கூட கர்லிங் ஷெட் ஒன்னு இருக்கும், நம்ம பக்கம் ஊருக்கொரு கபடி டீம் இருக்கிற மாதிரி.

கர்லிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, கேரம்போர்டை 45 மீட்டர் நீளத்துக்கு ஐஸ்ல விரிச்சிட்டாங்கன்னு வச்சுக்கோங்க. இந்தக் கோடியில இருந்து கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட் கல்லை வழுக்கி விடணும், அந்தக் கோடியில வட்டத்துக்குள்ள வட்டமா வரைஞ்சிருப்பாங்க, அதுதான் ஹவுஸ், நட்ட நடுப்புள்ளி பட்டன். டீமுக்கு நாலு பேரு, ஆளுக்கு ரெண்டு கல்லு, ரெண்டு டீமும் மாத்தி மாத்தி 16 கல்லு போட்டா ஒரு எண்ட் முடிஞ்சது. பட்டனுக்குக் கிட்டக்க யாரு கல்லு இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான் பாயிண்ட். கடைசிக் கல்லு யாரு போடறாங்களோ அவங்ககிட்ட ஹாமர் இருக்குன்னு சொல்லுவாங்க, அது பெரிய சாதகம். ஒலிம்பிக்ல போடற கல்லு ஸ்காட்லாந்துப் பக்கம் ஏல்சா கிரெய்க்னு ஒரு குட்டித் தீவுல எடுக்கற கிரானைட்டாம், க.பரமத்திப் பக்கம் கல்குவாரிங்களப் பாத்து வளந்தவ நான், ஒரு கல்லுக்கு இவ்வளவு மரியாதையான்னு மொத தடவ கேட்டப்போ மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

எனக்கு அந்த ஷெட்ல ரொம்பப் பிடிச்சது மேட்ச்சுக்கு முன்னாடி நடக்கிற ஒரு வேலை. ஐஸ் பாத்துக்கிற பெரியவர் ஒருத்தர் முதுகுல தண்ணி டேங்க்கை மாட்டிக்கிட்டு கையில ஒரு பூவாளி மாதிரி வச்சு இப்பிடியும் அப்பிடியும் ஆட்டிக்கிட்டே பின்னாலயே நடந்து போவார். நாம காலையில வாசல் தெளிக்கிறோமே, அதே கை வீச்சு. அந்தச் சொட்டுங்க உறைஞ்சு மணி மணியா நிக்கும், பெப்பிள்னு பேரு. கல்லு அந்த மணிங்க மேலதான் ஓடும், வழவழன்னு வெறும் ஐஸா இருந்தா பாதி தூரம் கூடப் போகாது. கல்லுக்கு முன்னாடி பிரூம் வச்சு ரெண்டு பேரு அழுத்தித் தேய்ப்பாங்க, அந்தச் சூட்டுல உராய்வு கொறைஞ்சு கல்லு இன்னும் சில மீட்டர் தள்ளிப் போகும், வளையறதும் கம்மியாகும்.

என் மக லீட். அதாவது டீமோட மொத ரெண்டு கல்லு அவளோடது, அப்புறம் பாக்கி ஆறு கல்லுக்கும் அவ ஸ்வீப் பண்ணணும். கைதட்டு வாங்கற ஷாட்டெல்லாம் கடைசியில போடற ஸ்கிப்புக்குத்தான், அதாவது கேப்டனுக்குத்தான் வரும், லீட் போட்ட கல்லு எண்ட் முடியறப்போ பெரும்பாலும் இடத்துலயே இருக்காது, யாராவது அடிச்சுத் தூக்கியிருப்பாங்க. ஊர்ல இருந்து எங்கம்மா வீடியோ கால்ல இவ ஸ்வீப் பண்றதப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, அங்க போயும் பொம்பளப் புள்ள கையில சீமாறுதானா?"ன்னு வருத்தமாவே கேட்டாங்க. அவ பொறுமையா, "இல்ல அம்மிச்சி, கல்லு எங்க போகணும்னு இந்தச் சீமாறுதான் சொல்லும்"னா. அன்னைக்குத்தான் எனக்கே அந்த வேலையோட மதிப்பு புரிஞ்சது.

அக்டோபர்ல மொத பான்ஸ்பீல். வாரக் கடைசியில நடக்கிற போட்டிய இங்க அப்பிடித்தான் சொல்றாங்க. எதிர் டீமும் இதே வயசுப் பொண்ணுங்கதான், ஆனா மூணு வருஷமா சேந்து ஆடறவங்க. எட்டு எண்ட் ஆடணும், அஞ்சாவது முடியறப்போவே 11-1. எங்க ஸ்கிப்புப் பொண்ணு கை கொடுக்க மாட்டேன்னு நின்னா. கடைசி வரைக்கும் ஆடுவோம், நடுவுல விட்டா ஓடிப்போன மாதிரி ஆயிடும்னு. கோச் அவளத் தனியா கூட்டிட்டுப் போய்ப் பேசினார். நான் கிட்டக்கத்தான் இருந்தேன். இந்த ஆட்டத்துல இனி முடியாதுன்னு தெரிஞ்சா தொப்பியக் கழட்டிட்டுக் கை கொடுக்கிறது எதிராளிக்குச் செய்யற மரியாதை, அதுல கேவலம் ஒன்னுமில்ல, நீ விடாம ஆடறவளான்னு இங்க யாரும் பாக்கப்போறதில்ல, செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு ப்ராக்டீஸுக்கு வர்றியான்னு நான் பாத்துக்கறேன், அவ்வளவுதான் சொன்னார். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போய் கை கொடுத்தா. விடாமுயற்சின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னே நான் அதுவரைக்கும் நெனச்சிருந்தேன், என் நெனப்பு மாறினது அந்த இடத்துலதான்.

ஜெயிச்ச டீம் தோத்த டீமை உக்கார வச்சு ஏதாவது வாங்கித் தரணும், கர்லிங்ல அது ரொம்பப் பழைய வழக்கம். அந்தப் பொண்ணுங்க எங்க நாலு பேருக்கும் ஹாட் சாக்லேட் வாங்கிக் கொடுத்து, மூணாம் நம்பர் ஐஸ்ல எடதுபக்கம் கல்லு மெதுவாப் போகும், நீங்க அதக் கவனிக்கலன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க. 11-1ன்னு அடிச்சவங்க!

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் வந்தாங்க. அன்னைக்கு கோச் ஒரு நோட்டு கொடுத்தார். மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி ஹாமர் யாருக்குன்னு முடிவு பண்ண ஒவ்வொரு டீமும் பட்டனைப் பாத்து ஒரு கல்லு போடும், கல்லு பட்டன்ல இருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிக்குதுன்னு அளப்பாங்க, கம்மியா இருக்கிற டீமுக்கு ஹாமர். ஸ்கோரை எழுதுங்க, அதுக்கு மேல இந்த அளவை எழுதுங்கன்னார். மொதப் பக்கத்துல 148னு இருந்துச்சு. அப்புறம் 131, 160, 97. ஸ்கோர் எல்லாம் தோல்விதான், ஆனா மேல இருக்கிற நம்பர் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. டிசம்பர்ல ஒருநாள் 62. அந்த மேட்ச்சும் தோத்தாங்க, ஆனா கார்ல வர்றப்போ அந்த 62 பத்தித்தான் பேச்சு.

டிசம்பர்ல பிராண்டன் போனோம், வின்னிபெக்ல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, ஒன்னாம் நம்பர் ஹைவேல காத்து பனிய வாரி அடிக்குது, ரோடு எது வயல் எதுன்னு தெரியல. அங்க ஒரு மேட்ச்ல ஏழாவது எண்ட், 4-4 சமம். எங்க டீம்ல மூணாவதா போடற வைஸ் போட்ட கல்லு ஹவுஸுக்குள்ள வந்துக்கிட்டிருக்கு, மக அது முன்னாடி குனிஞ்சு தேய்ச்சுக்கிட்டே வர்றா, கல்லு பட்டனுக்குக் கிட்டக்க அழகா நின்னுச்சு. நாங்க இங்க கைதட்டறோம், அவ கையத் தூக்கி நிக்கிறா. பிரூம் ஓரம் கல்லுல பட்டுடுச்சுன்னு அவளே சொல்லிட்டா. யாரும் பாக்கல, கல்லு திசை மாறின மாதிரியும் தெரியல. இந்த மட்டத்துல ரெஃப்ரீ ஒவ்வொரு ஐஸுக்கும் நிக்கிறதில்ல, தொட்டவங்களே சொல்லணும், அந்தக் கல்லை என்ன பண்றதுன்னு எதிர் ஸ்கிப் முடிவெடுப்பாங்க. அந்தப் பொண்ணு எடுத்துடுங்கன்னா, அது அவளோட உரிமை. 6-4ல தோத்தோம்.

திரும்பி வர்றப்போ இருட்டுல ஓட்டிக்கிட்டே நான், சொல்லாம விட்டிருந்தா என்னடி ஆயிருக்கும்னு கேட்டுட்டேன். அவ என்னைத் திரும்பிப் பாத்து, "நான் தொட்டேன்லம்மா"ன்னா. அவ்வளவுதான். வீடு வர்ற வரைக்கும் நான் வாயத் திறக்கல.

ஜனவரியிலதான் டீம் ஒடையப் பாத்துச்சு. செகண்ட் பொசிஷன் ஆடற பொண்ணு, எப்பிடியும் தோக்கத்தானே போறோம், எனக்குப் படிப்பு இருக்குன்னு வரல. மூணு பேரோட ஆட விதி எடம் கொடுக்குது, மொத ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு கல்லு போடணும். அப்பிடி நாலு மேட்ச் ஆடினாங்க. ஸ்வீப்புக்கு ஆள் பத்தாது, மகளுக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம், கால்முட்டில நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு, தேங்காண்ணெய் தடவி விடுவேன், மறுநாள் மறுபடி கெளம்புவா.

அந்த நாட்கள்ல ஒரு ராத்திரி நானும் அவளும் 2018 ஒலிம்பிக் கர்லிங் பாத்தோம், தென்கொரியாவுல காங்நுங்ல நடந்தது. கொரியப் பொண்ணுங்க டீம், அஞ்சு பேருக்கும் குடும்பப் பேரு கிம், நாலு பேரு பூண்டு வெளையற உய்சோங்னு ஒரு சின்ன ஊர்க்காரங்க. ஹைஸ்கூல்ல ரெண்டு சிநேகிதிங்க ஆரம்பிச்சது, ஒருத்தியோட தங்கச்சி அக்காவுக்கு ஏதோ கொடுக்க வந்தவ அப்பிடியே சேந்துட்டாளாம். 2014 ஒலிம்பிக்குக்கு அவங்க தேர்வாகல, நாலு வருஷம் காத்திருந்து அடுத்ததுல வந்தாங்க. அரையிறுதியில ஜப்பான் சமன் பண்ணிடுச்சு, எக்ஸ்ட்ரா எண்ட், ஸ்கிப் கிம் உன்ஜங் கடைசிக் கல்லைப் போட்டுட்டு தொண்ட கிழிய "யோங்மி! யோங்மி!"ன்னு கத்தறா. 8-7. ஃபைனல்ல ஸ்வீடன்கிட்ட 3-8ன்னு தோத்து வெள்ளி. என் மக அந்த மேட்ச்ல பாத்தது வேற. "அம்மா, யோங்மி லீட்மா"ன்னா. நாடே கத்தின பேரு ஒரு லீட்டோட பேரு, ஸ்வீப் பண்றவளோட பேரு. அவ மொகத்துல அப்ப வந்த வெளிச்சத்த நான் எப்பிடி எழுதறதுன்னு தெரியல.

பிப்ரவரியில ஒரு மேட்ச். வராம இருந்த பொண்ணு திடீர்னு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து எம் பக்கத்துல உக்காந்தா. ஒன்னும் பேசல, நானும் கேக்கல, தெர்மாஸ்ல இருந்த டீயக் கொஞ்சம் ஊத்திக் கொடுத்தேன். மூணாவது எண்ட்ல பாத்தா அவ கை தானா போன்ல ஸ்டாப்வாட்ச் தட்டுது. எங்க பொண்ணுங்க வழுக்கிட்டு வர்றப்போ கல்லு இந்தக் கோடி ஹவுஸுக்குப் பின்னாடி இருக்கிற பேக் லைனத் தாண்டினா ஒரு தட்டு, ஹவுஸுக்கு முன்னாடி இருக்கிற ஹாக் லைனத் தாண்டினா ஒரு தட்டு. ஸ்வீப் பண்றவங்க வேகத்த அளக்கிற வழி அது. 3.9, 3.8, 4.1ன்னு வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறா. 4.1 வந்தப்போ எந்திரிச்சு கண்ணாடில கை வச்சு "லைட்டு! தேய்ங்கடி!"ன்னு இங்கிலீஷ்ல கத்துனா, கல்லு கொறைச்சலா வருதுன்னு அர்த்தம், உள்ள யாருக்கும் கேக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கிட்டு நின்னா. ஏன் வரல, ஏன் வந்தேன்னு யாரும் கேக்கல. அந்த மூணு பேரும் கேக்காம விட்டதுதான் இந்த சீசன்லயே பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது, பெரியவங்க நாம இருந்தா கண்டிப்பாக் கேட்டிருப்போம்.

மார்ச்ல கடைசி பான்ஸ்பீல். எதிர்ல அக்டோபர்ல 11-1 அடிச்ச அதே டீம். பட்டனுக்குக் கல்லு போட்டப்போ எங்களுக்கு 23 சென்டிமீட்டர், ஹாமர் நமக்குத்தான். எட்டு எண்ட் முடிஞ்சு 5-5. ஆனா எட்டாவதுல பாயிண்ட் எடுத்து சமன் பண்ணினது நாங்க, அதனால எக்ஸ்ட்ரா எண்ட்ல ஹாமர் அவங்களுக்குப் போயிடுச்சு. எங்க ஸ்கிப் போட்ட கல்லு பட்டன் விளிம்புல. அவங்க கடைசிக் கல்லும் வந்து எதிர்ப்பக்கம் அதே மாதிரி நிக்குது. கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியல, அளக்கிற கருவியக் கொண்டு வந்து நடுவுல வச்சு மெதுவா சுத்தினாங்க. எட்டுப் பொண்ணுங்களும் அதச் சுத்தி குனிஞ்சு நிக்கிறாங்க, தலையோட தல முட்டிக்கிட்டு. முள்ளு அவங்க கல்லுப் பக்கம் கொஞ்சூண்டு அதிகமா நகந்துச்சு, அவங்க கல்லுதான் கிட்டக்க. 6-5.

எங்க பொண்ணுங்க கை கொடுத்தாங்க. இந்தத் தடவ யாரும் அழல, எனக்குத்தான் தொண்ட அடைச்சுச்சு. மறுபடி அதே மேசை, அதே ஹாட் சாக்லேட், எட்டுப் பேரும் ஒன்னா உக்காந்து உருளைக்கெழங்கு ஃப்ரைஸை ஒரே தட்டுல எடுத்துத் தின்னுக்கிட்டு, அந்த எக்ஸ்ட்ரா எண்டைக் கெச்சப் பாக்கெட்டுங்கள மேசையில அடுக்கி வச்சு திரும்ப ஆடிக்கிட்டிருந்தாங்க.

போட்டியெல்லாம் முடிஞ்சது. வெள்ளிக்கிழமை ஐஸ எடுத்துடுவாங்க, இனி அக்டோபர்தான். நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை மிச்சம் இருந்துச்சு, யாரும் வரச் சொல்லல. ஆறு மணிக்கு நாலு பேரும் வந்து நின்னாங்க. கிளப்பே காலியா இருக்கு, பாதி லைட்டு அணைச்சாச்சு. ஐஸ் பாத்துக்கிற பெரியவர் அவங்களப் பாத்தார், ஒன்னும் சொல்லாம டேங்க்கை எடுத்து முதுகுல மாட்டிக்கிட்டு, அவங்களுக்காக ஒரே ஒரு ஷீட்டுக்கு மட்டும் தெளிச்சுக்கிட்டே பின்னால நடந்து போனார்.