வெளிநாட்டுக் கல்லூரியின் பெயருக்காக மூன்று மடங்கு கட்டணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளை சோலார், காற்றாலை தொழில்நுட்பப் படிப்பில் சேர்க்க நினைக்கிறேன். இங்குள்ள கல்லூரி ஒன்று வெளிநாட்டுத் தொழிற்கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் இரண்டு வருட டிப்ளமோ. கடைசி ஆறு மாதம் அங்கே போய்ப் படிக்க வேண்டும். கட்டணம் சாதாரண எலக்ட்ரிக்கல் டிப்ளமோவைப் போல மூன்று மடங்கு. பாதிக்குக் கடன் வாங்கிவிட்டு, மீதிக்கு என் ஓய்வுக்கால டெபாசிட்டை எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

பதில்: டெபாசிட்டில் கை வைக்காதீர்கள். மற்றதைப் பேசலாம்.

துறையில் வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023-இல் உலகம் முழுக்க 1.6 கோடிப் பேருக்கு மேல் இதில் வேலை பார்த்தார்கள். கல்லூரி விளம்பரத்திலும் அநேகமாக இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி சீனாவில் என்பதைப் போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மகள் எந்த நாட்டில் வேலை தேடப் போகிறாள், அங்கே இந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

இரண்டு கல்லூரிகளும் கைகுலுக்கும் போட்டோவும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தம் பெரும்பாலும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, நடுவில் ஒரு தரப்பு விலகிக்கொண்டால் உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். அதனால் இதைக் கேளுங்கள்: கடைசியில் டிப்ளமோவைக் கொடுப்பது யார்? வெளிநாட்டுக் கல்லூரி தன் பெயரிலேயே, அந்த நாட்டின் தகுதி வரிசையில் நிலை குறிப்பிட்டுத் தருகிறதா, இல்லை 'பங்கேற்றார்' என்று ஒரு தாளை நீட்டுகிறதா? இரண்டாவது என்றால் மூன்று மடங்கு கட்டணத்துக்கு ஒரு நியாயமும் இல்லை. ஐரோப்பாவில் தகுதிகளை எட்டு நிலைகளாகப் பிரித்து ஒப்பிடும் சட்டகம் ஒன்று உண்டு. அங்குள்ள கல்லூரி என்றால் இந்தப் படிப்பு எத்தனையாவது நிலை என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. டிப்ளமோ வேறு, வேலை செய்யும் உரிமம் வேறு. மின் இணைப்பில் கை வைக்க பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும், அது நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காற்றாலைக் கோபுரத்தில் ஏற, பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் உலகக் காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்கின்றன: உயரத்தில் வேலை, முதலுதவி, தீ, பாரம் தூக்குதல், கடலில் என்றால் உயிர்காப்பும் சேரும். இது சில நாள் பயிற்சிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வேலை கொடுப்பவர் அந்த அமைப்பின் இணையப் பதிவேட்டிலேயே சரிபார்த்துக்கொள்வார். அதைத் தர எந்தக் கூட்டணியும் தேவையில்லை, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் போதும். ஆக, சாதாரண எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இந்தப் பயிற்சியைத் தனியாகச் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூட்டுப் படிப்பின் கட்டணத்தில் அது போக மிஞ்சுவதுதான் அந்த ஆறு மாதத்துக்கும் பெயருக்கும் நீங்கள் கொடுக்கும் விலை.

கடன் விஷயம். 100 ரூபாய் 11 சதவீத வட்டியில் வாங்கி, படிப்பு இரண்டு வருடம், வேலை தேட ஆறு மாதம் என்று தவணை தள்ளிப்போனால், சாதாரண வட்டியிலேயே அது 127 ரூபாய் 50 காசு ஆகிவிடும். மொத்தமாக வாங்காமல் செமஸ்டர் வாரியாக எடுத்தால் குறையும். வெளிநாட்டு ஆறு மாதத்தின் கட்டணம் எந்த நாணயத்தில் என்றும் பாருங்கள். அவர்கள் நாணயத்தில் என்றால் இன்றைய விலையை நம்பாதீர்கள், அந்தப் பகுதிக்குப் பத்து சதவீதமாவது கூடுதலாக ஒதுக்குங்கள். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் பெரும்பாலும் கட்டணத்தில் சேராது.

வெளிநாடுதான் ஆசை என்றால் ஜெர்மனியின் இரட்டைத் தொழிற்பயிற்சியையும் பாருங்கள், அதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளியிலும் படிப்பது. அங்கே பயிற்சி தரும் நிறுவனமே மாதாமாதம் சம்பளம் போல ஒரு தொகை கொடுக்கும். மொழி படிக்க ஒரு வருடமாவது உழைக்க வேண்டும், அது கஷ்டம்தான், ஆனால் கடன் சுமை பெரிய அளவில் குறையும்.

இப்போதைக்கு, டிப்ளமோ யார் பெயரில் என்பதற்கும், கூட்டணி முறிந்தால் பணம் திரும்பும் என்பதற்கும், முன்பு முடித்தவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது என்பதற்கும் கல்லூரியிடம் எழுத்துப்பூர்வ பதில் கேளுங்கள். மூன்றும் வந்தால், அவள் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டாத அளவுக்குக் கடன் வாங்குங்கள். 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்று இழுத்தால் முன்பணம்கூடக் கட்டாமல் சாதாரண டிப்ளமோவில் சேர்த்துவிடுங்கள்.