நியூட்ரோஃபில் 1,200: மஜ்ஜை ஊசிக்கு முன் டஃபி வகையைப் பாருங்கள்

லண்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கணவர் லாகோஸில் பிறந்து வளர்ந்தவர், ஆரோக்கியமானவர், ஆனால் மூன்று முறை பார்த்தும் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளணு) ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,200ஐத் தாண்டவில்லை, மஜ்ஜைப் பரிசோதனை வரை பேச்சு போய்விட்டது, இப்போது டஃபி வகையைப் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்த வகைக்கும் வெள்ளணுவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் இருக்கிறது. ஏ, பி, ஓ மாதிரி டஃபியும் ஒரு ரத்த வகைதான், 1950லேயே தெரிந்துவிட்டது. ஆனால் சிவப்பணு மேல் இருக்கும் அந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது என்பது 1990களில்தான் தெளிவானது. எங்காவது புண்ணோ கிருமியோ வந்தால் வெள்ளணுக்களைக் கூப்பிட இன்டர்லூக்கின்-8 போன்ற கீமோகைன்கள் என்ற சேதிப் புரதங்கள் கிளம்பும். டஃபி அவற்றைப் பற்றிக்கொள்ளும், ஆனால் செல் மேல் சேதியைப் பிடிக்கும் மற்ற புரதங்கள் (ஏற்பிகள்) மாதிரி செல்லுக்குள் தகவல் அனுப்பாது. சிவப்பணுவில் இருக்கும்போது கீமோகைனுக்கு அது ஒரு கிடங்கு, ரத்தத்தில் அளவு தாறுமாறாக ஏறி இறங்காது. சிறு சிரைகளின் உட்சுவரிலும் இதே புரதம் உண்டு, அங்கே திசுவிலிருந்து கீமோகைனை ரத்தப் பக்கம் கடத்தி வெள்ளணுக்களுக்கு வழி காட்டுகிறது.

லாகோஸ் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிவப்பணுவில் டஃபி கிடையாது. ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாற்றம், அதனால் சிவப்பணு வரிசையில் மட்டும் அந்த ஜீன் வேலை செய்யாது, ரத்தக் குழாயில் வழக்கம்போல இருக்கும். வைவாக்ஸ் மலேரியா கிருமி டஃபியைப் பிடித்துத்தான் சிவப்பணுவுக்குள் நுழைகிறது என்பதால் இவர்களுக்கு அதிலிருந்து பெரிய பாதுகாப்பும் உண்டு. சரி, நியூட்ரோஃபில்? மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுக்களில் டஃபி இல்லாவிட்டால் அங்கே உருவாகும் நியூட்ரோஃபில்களின் குணமே மாறி, அவை ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குச் சீக்கிரம் போய்விடுகின்றன என்று 2017இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. ஆக, ரத்தத்தில் எண்ணும்போது குறைவாகத் தெரிகிறதே தவிர, தொற்று அதிகம் வருவதில்லை. 1,500 என்ற கீழ் எல்லை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது, அதை இவர் மேல் திணிப்பது நியாயமே இல்லை.

அதனால் டஃபி ஃபீனோடைப் (சிவப்பணுவில் டஃபி இருக்கிறதா என்று பார்ப்பது) எடுங்கள், சாதாரண ரத்தச் சோதனைதான். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் முடிவு குழம்பும், அப்போது ஜீன் சோதனை கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் தேடி எடுங்கள். முன்பு 3,000 இருந்து இப்போது இறங்கியிருந்தாலோ, ஹீமோகுளோபினோ தட்டணுவோ குறைந்தாலோ, அடிக்கடி காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்தாலோ டஃபி மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மேலே பார்த்தே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் டஃபி நல் (அதாவது சிவப்பணுவில் டஃபி இல்லை) என்று வந்தால் அவருடைய மருத்துவப் பதிவில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் நாளைக்கு கீமோதெரபியோ மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மருந்தோ தேவைப்பட்டால் இந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் நடக்கிறது.