ஓட்டமும் சைக்கிளும் - கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயசு 44. ரெண்டு வருஷமா பெசன்ட் நகர் பீச் ரோட்ல ஓடறேன், வாரத்துக்கு அஞ்சு நாள், தினமும் அஞ்சாறு கிலோமீட்டர். காலையில ஒரு பிளாக் காபி மட்டும் குடிச்சிட்டு கிளம்பிடுவேன், வெயிட் குறையணும்னு. மே மாசம் முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்போட உள் ஓரமா வலி வந்து நடக்கவே கஷ்டமாயிடுச்சு. டாக்டர் எலும்பு முறிவு எதுவும் இல்ல, தாங்கறதுக்கு மேல லோடு குடுத்திருக்கீங்கன்னு சொல்லி ஆறு வாரம் நிறுத்தச் சொன்னார். இப்ப வலி இல்ல. வாரம் மூணு நாளுக்கு மேல ஓடாதீங்க, மிச்ச நாள் சைக்கிள் ஓட்டுங்கன்னு சொல்லியிருக்கார். பையனோட ஹைப்ரிட் சைக்கிள் வீட்ல சும்மா இருக்கு, அதை எடுத்து ஓட்டறேன், ஆனா கொஞ்ச தூரத்துலயே முட்டிக்கு முன்னாடி வலிக்குது. எங்க ரன்னிங் குரூப்ல எல்லாரும் சைக்கிள் பக்கம் போனா கால் கனமாயிடும், ஓட்டம் போயிடும்னு சொல்றாங்க. உண்மையா? ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எத்தனை கிலோமீட்டர் சைக்கிள் கணக்கு? ஜனவரி சென்னை மாரத்தான்ல 10 கே ஓடணும்னு ரொம்ப ஆசை, முடியுமா? பேர் போட வேண்டாம்.

- ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தோழிக்கு,

உங்க டாக்டர் சொன்னது ரொம்ப சரியான யோசனை. அதை அரைமனசா, தண்டனை மாதிரி ஏத்துக்கிட்டிருக்கீங்கன்னு கடிதத்தைப் படிச்சா தெரியுது, அதுக்காகவே கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த ஓட்டம் போயிடும்ங்கற பயம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ட்ரையத்லான்ல பிரிட்டன் வீரர் அலெக்ஸ் யீ ஒன்றரை கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, அதுக்கப்புறம் ஓடின 10 கிலோமீட்டரோட கடைசி சில நூறு மீட்டர்ல முன்னாடி ஓடின நியூசிலாந்து வீரர் ஹேடன் வைல்டைத் தாண்டி தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் லண்டன் மாரத்தானை 2 மணி 11 நிமிஷத்துல முடிச்சார். வருஷக்கணக்கா வாரத்துல பாதி நேரம் சைக்கிள் மேல இருக்கற கால்தான் அது. சரி, அவர் ட்ரையத்லான்காரர்னு சொல்வீங்க, அதே பாரிஸ்ல 10,000 மீட்டர் ஓடின அமெரிக்கப் பொண்ணு பார்க்கர் வால்பி இருக்காங்க, காலேஜ்ல சாம்பியனா இருந்தப்பவே வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்தான் தரையில ஓட்டம், மிச்சதெல்லாம் தண்ணிக்குள்ள ஓடறதும் ஜிம்ல எலிப்டிகல் (பாதத்தைத் தூக்காமலே ஓடற மாதிரி காலை அசைக்கற மெஷின்) மாதிரி ஒரு மெஷினும்தான், ஏன்னா அடிக்கடி காயம் பட்ட உடம்பு. நீங்களும் நானும் அவங்க இல்ல, ஆனா இதயமும் நுரையீரலும் வேலை செய்யற விதம் எல்லாருக்கும் ஒண்ணுதான், கால் தரையில மோதிச்சா பெடலை மிதிச்சதான்னு அதுங்களுக்குத் தெரியாது.

தெரியறது எலும்புக்கும் தசைநாருக்கும். இதை நல்லா புரிஞ்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா விளங்கிடும். ஓடும்போது ஒவ்வொரு தடவை கால் ஊன்றப்பவும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு விசை ஒரே கால்ல இறங்குது, 60 கிலோ இருக்கறவங்களுக்கு 120லேர்ந்து 180 கிலோ. நிமிஷத்துக்கு 160 தடவை கால் ஊன்றதா வெச்சாக்கூட அரை மணி நேரத்துல 4,800 தடவை. எலும்பு அதைத் தாங்கி தன்னைத் திருத்திக் கட்டிக்கும், ஆனா அதுக்கு மாசக்கணக்குல டைம் வேணும், மூச்சு மட்டும் சில வாரத்துலயே தேறிடும். மூச்சு நல்லா இருக்கேன்னு நாம கிலோமீட்டரை ஏத்திடறோம், எலும்பு பின்னாடி நிக்குது, அந்த இடைவெளியிலதான் உங்க வலி வந்திருக்கும்னு நெனைக்கறேன். சைக்கிள்ல எடையை சீட் வாங்கிக்குது, அதனால எலும்புக்கு ஓய்வு குடுத்துக்கிட்டே மூச்சுக்கு நல்லா வேலை வைக்கலாம்.

ஆனா இதோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், குறிப்பா 44 வயசுல கேக்கறீங்கன்றதால. அடி விழாத எலும்பு வலுவாகாது. ரொம்ப வருஷம் சைக்கிள் மட்டுமே ஓட்டற ரோடு ரேஸ்காரங்களுக்கு முதுகெலும்புல அடர்த்தி குறைவா இருக்கறதை ஆராய்ச்சிகள்ல பாத்திருக்காங்க. நமக்கு மாதவிடாய் நிக்கற காலம் வரும்போது ஈஸ்ட்ரோஜன் இறங்கும், கூடவே எலும்பும் வேகமா தேய ஆரம்பிக்கும். அதனால சைக்கிள் சுகமா இருக்கேன்னு ஓட்டத்தை மொத்தமா விட்டுடாதீங்க. மூணு நாள் ஓட்டம் இருந்தே ஆகணும், இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருக்கேன்.

வெறும் வயித்து பிளாக் காபி எனக்குப் பிடிக்கவே இல்ல. செலவழிக்கற சக்திக்குக் குறைவா மாசக்கணக்கா சாப்பிட்டா உடம்பு முதல்ல கை வைக்கறது ஹார்மோன்லயும் எலும்புலயும்தான், அந்த முன்னெலும்பு வலிக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம், டாக்டர்கிட்ட வைட்டமின் டி, இரும்புச் சத்து டெஸ்ட் பத்திக் கேளுங்க. ஓடறதுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல சைக்கிள்னா ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டே போங்க, திரும்பி வந்ததும் முட்டையோ சுண்டலோ பருப்போ நல்லா சேத்துக்கோங்க.

முட்டி வலிக்கு வரேன். பையனோட சைக்கிள்னு சொன்னதுமே எனக்கு சந்தேகம். உக்காந்தபடியே ரெண்டு காலும் தரையில படணும்னு நம்ம பெண்கள் நிறைய பேர் சீட்டை நல்லா கீழ இறக்கிடறாங்க, சிக்னல்ல நிக்க பயம், அது நியாயமான பயம்தான். ஆனா சீட் தாழ்ந்தா ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மீறி மடங்கி முன்பக்கம் வலிக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காருங்க, பெடலை அடியில கொண்டு வந்து அது மேல குதிகாலை வைங்க, கால் நேரா நீளணும். அப்புறம் பாதத்தோட முன்பகுதியை பெடல்ல வெச்சா முட்டி லேசா மடிஞ்சு நிக்கும், அதுதான் உங்க உயரம். ரொம்ப ஏத்திட்டா முட்டிக்குப் பின்னாடி வலிக்கும், அப்ப கொஞ்சம் இறக்கிக்கோங்க. நிக்கும்போது சீட்லேர்ந்து முன்னால இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகுங்க, காலியான தெருவுல ரெண்டு நாள் பழகினா வந்துடும். அடுத்தது கியர். கனமான கியர்ல போட்டு அழுத்தி மிதிக்கறது முட்டிக்கு ஆகாது, லேசான கியர்ல காலை வேகமா சுத்தணும். 15 செகண்ட்ல வலது முட்டி எத்தனை தடவை மேல வருதுன்னு எண்ணிப் பாருங்க, 20 வந்தா நல்லது. இவ்வளவு செஞ்சும், சைக்கிளை ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சு நிக்கும்போது நடுக்கம்பி இடிச்சுதுன்னா ஃப்ரேமே உங்களுக்குப் பெருசு, அதோட போராடாம உங்க அளவுல செகண்ட் ஹேண்ட் ஒண்ணு வாங்கிடுங்க.

ஒண்ணுக்கு எத்தனைங்கற கணக்கு… ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூணு கிலோமீட்டர் சைக்கிள்னு பொதுவா சொல்வாங்க. நான் அதை நம்பி போறதில்ல. ஈசிஆர்ல, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில, அக்டோபர் நவம்பர்ல திருவான்மியூர்லேர்ந்து முட்டுக்காடு பக்கம் போனீங்கன்னா வடகிழக்குக் காத்து முதுகைத் தள்ளும், பறக்கற மாதிரி இருக்கும், திரும்பி வரும்போது அதே காத்து முகத்துல அறையும், ரெண்டுலயும் கிலோமீட்டர் ஒண்ணுதான், உழைப்பு ஒண்ணா? நிமிஷத்தை மட்டும் எண்ணுங்க. 40 நிமிஷ மெதுவான ஓட்டத்துக்குப் பதிலா ஒரு மணி நேர சைக்கிள், அவ்வளவுதான். வாட்ச் பாக்கற பழக்கம் இருந்தா இன்னொண்ணு, அதே உழைப்புக்கு சைக்கிள்ல இதயத்துடிப்பு பொதுவா நிமிஷத்துக்கு அஞ்சுலேர்ந்து பத்து குறைவா காட்டும். ஓடும்போது வர்ற நம்பரை எட்டணும்னு சைக்கிளை விரட்டாதீங்க.

விரட்டறதுன்னதும், நான் இந்த பதில்ல முக்கியமா நெனைக்கற இடத்துக்கு வந்துட்டேன். ஓட்டத்துலேர்ந்து சைக்கிளுக்கு வர்றவங்க திரும்ப மாட்டிக்கறது இங்கதான். வலிக்கலைங்கறதால சைக்கிள் நாளை ரெஸ்ட் நாள்னு நெனச்சு நாலு நாளும் முழு மூச்சா மிதிச்சுட்டு, செத்த காலோட ஓட வந்து நிப்பாங்க, அப்புறம் சைக்கிளால ஓட்டம் கெட்டுப்போச்சுன்னு குரூப்ல எழுதுவாங்க. உடம்புக்கு அது ரெஸ்டே இல்ல. ஸ்டீஃபன் சைலர்ங்கற ஆராய்ச்சியாளர் உலகத்தரத்துல இருக்கற ஓட்டக்காரங்க, துடுப்புப் படகுக்காரங்க, பனிச்சறுக்குக்காரங்க பயிற்சியையெல்லாம் பாத்தப்போ அவங்க செய்யற பயிற்சிகள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் லேசாதான் இருந்துச்சு. லேசுன்னா பக்கத்துல வர்றவங்களோட முழு வாக்கியமா பேச முடியணும். மூச்சு வாங்கற மாதிரி வாரத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் ரெண்டு தடவை போதும், ஓட்டம் சைக்கிள் ரெண்டையும் சேத்துதான் சொல்றேன். அந்த ஒண்ணை இப்போதைக்கு சைக்கிள்ல வெச்சுக்கோங்க, எலும்பு நிம்மதியா இருக்கும்.

வாரத்தை எப்படி அமைக்கறதுன்னா, செவ்வாய் வியாழன் ஞாயிறு ஓட்டம், முதல் மூணு நாலு வாரம் ரெண்டு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடைன்னு மாத்தி மாத்தி 25 நிமிஷம், அதுலேர்ந்து மெதுவா ஏத்துங்க. மணல்ல வேணாம், ரோட்லயே ஓடுங்க. புதன் ஒரு மணி நேரம் சைக்கிள், அதுல நாலு தடவை மூணு மூணு நிமிஷம் நல்லா மிதிங்க. சனிக்கிழமை நீளமான சவாரி, ஒன்றரை மணி நேரம், பேசிக்கிட்டே போற வேகம். திங்கள் வெள்ளி சைக்கிளும் வேணாம், படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்கற பயிற்சி, உக்காந்து எழுந்திருக்கறது, இதெல்லாம் 20 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி, இதுல அது தாராளமா வந்துடுது.

கால் கனமாயிடும்னு அவங்க சொன்னதுல ஒரு துளி உண்மை இருக்கு, சைக்கிள்லேர்ந்து இறங்கின உடனே ஓடினா முதல் சில நிமிஷம் கால் உங்களோடதே இல்லாத மாதிரி இருக்கும். ட்ரையத்லான்காரங்க இதை ப்ரிக்னு பேர் வெச்சு வேணும்னே பழகறாங்க. நீங்களும் நவம்பர் வாக்குல, வலி எதுவும் இல்லன்னா மட்டும், சனிக்கிழமை சவாரி முடிச்சதும் பத்து நிமிஷம் மெதுவா ஓடிப் பாருங்க, களைச்ச கால்ல ஓடற பழக்கம் 10 கேயோட கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல கை குடுக்கும்.

விடியறதுக்கு முன்னாடி கிளம்பறதா இருந்தா முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், ஹெல்மெட், இது இல்லாம ஈசிஆர் பக்கம் தலை வைக்காதீங்க, தனியாவும் போகாதீங்க, பஸ்ஸும் காரும் அந்த நேரத்துல வர்ற வேகம் பயங்கரம். காத்து வியர்வையை உடனே காய வெச்சுடறதால தாகமே தெரியாது, தாகம் எடுக்கலன்னாலும் அப்பப்ப குடிங்க.

ஜனவரி 10 கே தாராளமா முடியும், பேர் குடுங்க, ஆனா டைம் டார்கெட் வெச்சுக்காதீங்க, யார் கேட்டாலும் ஹாஃப் மாரத்தானுக்கு (21 கிலோமீட்டர்) மாத்தாதீங்க. நடுவுல அந்த எலும்புல ஒரு விரல் நுனியை வெச்சு இங்கதான்னு காட்டற மாதிரி வலி வந்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலிச்சாலோ, ஓட்டத்தை அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, ரேஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா